ஜெய்சல்மேரில் மின்சாரக் கார்: மொட்டை மாடி சோலாரை நம்பி வாங்கலாமா?

மணல்மேட்டுக் காற்றாடி (கேள்வி)

ஜெய்சல்மேர் டவுனுக்கு வெளியே ராம்கர் ரோட்டில் வாடகை வீடு. வேலை காற்றாலை சைட்டில், போக வர தினம் 90 கி.மீ., வாரத்துக்கு ஆறு நாள். காலை 8 முதல் மாலை 5 வரை கார் சைட்டில் வெட்டவெளியில்தான் நிற்கும். 45 யூனிட் பேட்டரி உள்ள கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

எத்தனை கிலோவாட் பேனல் போடணும்? வெயில் இருக்கும்போது கார் வீட்டில் இல்லை, அப்படியென்றால் ராத்திரிக்காகத் தனியா பேட்டரி வாங்கணுமா? இன்னொன்று: இங்குள்ள எலக்ட்ரீஷியன், "இந்த மண்ணில் எர்த் வராது, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலோட சேர்த்துடலாம், சார்ஜர் ஓடும்" என்கிறார். செய்யலாமா?

யூனிட் கணக்கு

மூன்றாவது கேள்விக்கு மட்டும் உடனே பதில்: செய்யவே கூடாது. ஏன் என்று எர்த் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் கணக்குக்கு வருகிறேன்.

கி.மீ.க்கு 150 வாட்-மணி என்று வைத்தால் 90 கி.மீ.க்கு 13.5 யூனிட். சார்ஜ் ஏறும்போது 10 சதவீதத்துக்கு மேல் சூடாகப் போய்விடும், ஆக சுவரிலிருந்து எடுப்பது 15 யூனிட். மே, ஜூனில் ஏ.சி. தொடர்ந்து 1 முதல் 1.5 கிலோவாட் இழுக்கும், அப்போது 17 என்று வையுங்கள். மாதம் 26 நாளுக்குச் சராசரியாக 390 முதல் 440 யூனிட்.

ஜெய்சல்மேர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் நாளைக்கு 4.5 யூனிட் கொடுக்கும். தூசுக்குக் கழித்து 4 என்று வைப்பதுதான் யோக்கியமான கணக்கு. 550 வாட் பேனல் 9 போட்டால் கிட்டத்தட்ட 5 கிலோவாட், மாதம் 600 யூனிட். காருக்குப் போக மீதி வீட்டுக்கு. கோடையில் வீட்டு ஏ.சி.யும் ஓடினால் அது பற்றாது.

வெயில் ஏற ஏற உற்பத்தியும் ஏறும் என்று நினைத்துவிடாதீர்கள். மே மாத மத்தியானம் பேனல் செல் 70 டிகிரியைத் தொடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் மோனோ பெர்க் என்கிற பழைய ரகப் பேனலில் 0.35 சதவீதம் போகும், மொத்தத்தில் 16 சதவீதம் காலி. டாப்கான் என்கிற புது ரகப் பேனலில் இழப்பு 13 சதவீத அளவில் நிற்கும். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் டாப்கானையே எடுங்கள்.

தனி பேட்டரி வேண்டாம். 5 யூனிட் லித்தியம் பேட்டரியில் இருந்து காருக்குப் போய்ச் சேருவது 4 யூனிட்டுக்குச் சற்றுக் கூட, அதாவது 27 கி.மீ. தினம் 15 யூனிட் கொடுக்க அப்படி நாலு வாங்கணும். நெட் மீட்டர் வாங்கினால் பகலில் லைனுக்கு அனுப்பி ராத்திரி எடுத்துக்கொள்ளலாம், கிரிட்தான் உங்கள் பேட்டரி. 2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மானியம் ₹78,000. ஆனால் கிரிட்டோடு இணைந்திருக்கணும், இந்தியாவில் செய்த செல் உள்ள பேனலாக இருக்கணும். மின் இணைப்பு யார் பெயரிலோ அவர்தான் விண்ணப்பிக்கணும். வாடகை வீட்டில் சிக்கல் இங்கேதான்.

பழைய லைன் ஆள்

எர்த் விஷயம். நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டில் சேர்த்தால் சார்ஜர் ஏமாந்து பச்சை விளக்கு காட்டும், அது உண்மை. ஆனால் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் எங்கேயாவது அறுந்தாலோ லூஸானாலோ, 230 வோல்ட் அந்த இணைப்பு வழியாகக் கார் பாடிக்கே வந்துவிடும். டயர் ரப்பர் என்பதால் கார் தரையோடு ஒட்டாது. கதவைத் தொடும் ஆள்தான் எர்த்.

மண் ஏன் மறுக்கிறது? ஈரம் கிடையாது. காய்ந்த மணலின் மின்தடைத்திறன் 1000 ஓம்-மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். அதில் 2.5 மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் ஒன்றை இறக்கினால் 300 ஓமுக்கு மேல் வரும். ஃபால்ட் ஆனால் ஓடும் கரண்ட் 230-ஐ 300-ஆல் வகுத்தால் 0.77 ஆம்பியர். கரண்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்குக் கண்ணைக்கூடத் திறக்காது. ஆகவே இந்த ஊரில் உயிரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டும்தான், அதாவது கரண்ட் கசிந்தாலே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். 300 ஓமிலும் அது ஒழுங்காக விழும். கார் லைனுக்குத் தனியாக ஒன்று போடுங்கள், டைப் ஏ. சுவர் சார்ஜருக்குள் 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இல்லையென்றால் டைப் பி. கடையில் மலிவாகத் தள்ளிவிடும் டைப் ஏ.சி. வேண்டாம், டி.சி. கசிவு வந்தால் அது மரத்துப்போகும்.

அடுத்து, சார்ஜர் ஏற்கும் அளவுக்கு எர்த்தின் ஓம் அளவைக் குறைக்கணும். ஒரே குழியை ஆழமாக்குவதைவிட மூன்று நாலு குழி போட்டு, ஒன்றுக்கொன்று குறைந்தது 3 மீட்டர் தள்ளி, ஜி.ஐ. பட்டையால் இணைப்பது பலன் தரும். உப்பு, கரி போட்டால் தண்ணீர் ஊற்றும் வரைதான் வேலை. குழியில் நிரப்பும் பெண்டோனைட் களிமண் காய்ந்தால் சுருங்கி பைப்பை விட்டு விலகிவிடும், பாலைவனத்துக்கு அது சரிப்படாது. சிமெண்ட் போல இறுகும் கார்பன் கலவை தேவலாம். ஜெய்சல்மேர் பக்கம் பல இடத்தில் கொஞ்ச மணலுக்குக் கீழே மஞ்சள் பாறை தட்டும். அங்கே பைப்போடு மல்லுக்கட்டாமல், வாய்க்கால் தோண்டி 25×3 மி.மீ. ஜி.ஐ. பட்டையை 10, 15 மீட்டர் நீளத்துக்குப் படுக்கவையுங்கள்.

இடத்தேர்வு முக்கியம். குளியலறைத் தண்ணீரோ ஏர்கூலர் கழிவுநீரோ விழும் இடத்தில் குழி போடுங்கள். குடிக்கிற தண்ணீரை எர்த் குழியில் ஊற்ற அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. கூலர் தண்ணீர் உப்பாகவே இருக்கும், எர்த்துக்கு அதுவும் நல்லதே.

வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டரில் அளந்து எழுதி வையுங்கள். அளப்பது மே மாதமாக இருக்கட்டும், மழைக்கு மறுநாள் அளந்த கணக்கு பொய்.

வயர்: 16 ஆம்பியருக்கு 4 சதுர மி.மீ. செம்பு, 32 ஆம்பியர் சுவர் சார்ஜருக்கு 6. சாதாரண 16 ஆம்பியர் பிளக் பாயிண்டில் ஐந்து மணி நேரம் தொடர்ந்து இழுத்தால் பிளக் முனை நுழையும் துளை கருகும், நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுங்கள்.

மணல்மேட்டுக் காற்றாடி

நன்றி அண்ணே, எலக்ட்ரீஷியனை நிறுத்தியாச்சு. வீட்டுக்காரர் நெட் மீட்டருக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். நெட் மீட்டர் இல்லாமல் ஆஃப் கிரிட் போட்டால்? சைட் ஆபீஸில் 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று இருக்கிறது, அனுமதி கேட்டால் கிடைக்கும் போல.

நிழல்தேடி

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! கார் ஒன்பது மணி நேரம் நிற்கும் இடத்தில் பாயிண்ட் இருக்கும்போது வீட்டு மாடியை ஏன் கட்டி அழணும்?

சார்ஜரில் ஆம்பியர் மாற்றும் வசதி இருந்தால் 10-ல் வையுங்கள். 2.3 கிலோவாட், ஒன்பது மணி நேரத்தில் 20 யூனிட், உங்கள் தேவை 17. இதற்கான தரத்தில் 6 ஆம்பியருக்குக் கீழே சார்ஜ் ஆகாது. 6-ல் வைத்தாலும் 12 யூனிட் வரும், ஆனால் காரின் எலக்ட்ரானிக்ஸும் குளிரூட்டும் பம்பும் 200, 300 வாட் எப்படியும் தின்னும், 1.4 கிலோவாட்டில் அந்தத் தீனி பெரிய பங்கு. சோலார் உபரியைப் பார்த்து ஓடும் சார்ஜர் வாங்குபவர்கள் கவனிக்க: உபரி 1.4 கிலோவாட்டைத் தாண்டினால்தான் அது தொடங்கும்.

ஆஃப் கிரிட்டில் ஒரு பொறி. கிரிட் இல்லாமல் ஓடும் இன்வெர்ட்டரில் பெரும்பாலும் நியூட்ரல் மிதந்துகொண்டிருக்கும், எர்த்தோடு சேராது. வீட்டில் ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓடும், கார் சார்ஜர் மட்டும் எர்த் இல்லை என்று சிவப்பு காட்டும். இங்கே நியூட்ரல்-எர்த் இணைப்பு தேவைதான், ஆனால் இன்வெர்ட்டர் முனையில், ஆர்.சி.சி.பி.க்கு முன்னால், கிரிட் வந்ததும் தானே பிரியும் ரிலே வழியாக. சாக்கெட்டில் சேர்ப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

காருக்கு மேல் நிழல் போடுங்கள். ஆறு பேனல் 15 சதுர மீட்டர், ஒரு கார் நிறுத்தும் இடத்துக்குச் சரியாக இருக்கும், நிறுவனம் ஒத்துக்கொண்டால் அதுவே கூரை. பேட்டரியைக் கெடுப்பது சூடும் முழு சார்ஜும் சேர்ந்து நிற்பது. லித்தியம் பேட்டரியில் இரண்டு ரகம் உண்டு. என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) என்றால் 80-ல் நிறுத்துங்கள். தினம் 34 சதவீதம்தான் செலவு, எதற்கு 100? எல்.எஃப்.பி. (இரும்பு பாஸ்பேட்) என்றால் கையேடு சொல்லும் இடைவெளியில் ஒருமுறை 100 வரை விடணும், இல்லையென்றால் மீட்டர் காட்டும் சதவீதம் தப்பாகிவிடும். அந்த 100-ஐ கிளம்புவதற்குச் சற்று முன் முடியும்படி வையுங்கள்.

பாகிஸ்தான் எல்லைப் பக்கம் இருக்கும் தனோட் போய்வர 240 கி.மீ. ஏ.சி.யோடு மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் கி.மீ.க்கு 180 வாட்-மணி, 45 யூனிட்டில் 10 சதவீதம் மிச்சம் வைத்து 225 கி.மீ.தான் வரும். எதிர்க்காற்று இருந்தால் அதுவும் இல்லை. 80-க்கு இறங்கி ஓட்டுங்கள், இல்லை ராம்கரில் ஒரு பாயிண்ட் பேசி வையுங்கள். ஜோத்பூர் 280, பொக்ரானில் நிறுத்தித்தான் ஆகணும்.

தூசிதட்டி

பேனல் எங்கே போட்டாலும் சில விஷயம். ஆந்தி (புழுதிப் புயல்) அடித்து ஓய்ந்ததும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் மென்மையான நார் பிரஷ்ஷால் உலர்வாகத் தள்ளுங்கள், அழுத்தினால் மணலே கண்ணாடியைக் கீறும். பிறகு விடியற்காலையில், பேனல் சூடாகும் முன், பேனலுக்கு 1.5 லிட்டர் போதும். போர்வெல் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும், அது தூசைவிட மோசம். இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் பரவாயில்லை. குளிர்காலத்தில் பனி விழுந்து தூசு கெட்டிப்படும், அந்த மாதங்களில் வாரம் தவறக் கூடாது. சாய்வு 25 டிகிரி, தெற்குப் பார்த்து. கீழ் விளிம்பில் கோடாகச் சேரும் மண்ணை மட்டும் அடிக்கடி துடையுங்கள், அதுவே கடைசி வரிசை செல்லை மறைத்துவிடும்.

இன்வெர்ட்டர் வடக்குச் சுவரில், சுற்றிலும் 30 செ.மீ. இடைவெளி. ஃபேன் வைத்தது தூசை உள்ளே இழுக்கும், ஃபேன் இல்லாததை எடுங்கள். 45 டிகிரிக்கு மேல் அநேகமாக எல்லாமே தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும், அது பழுதில்லை.

பழைய லைன் ஆள்

ஒன்று விட்டுப்போச்சு. அங்கே வீட்டுக் கூரை பல இடத்தில் கல் பலகை. ஓட்டை போட்டு போல்ட் அடித்தால் கல் விரியும், மழைக்கு ஒழுகும். ஒவ்வொரு காலுக்கும் ஓரடிக்கு ஓரடி, ஓரடி உயரக் கான்கிரீட் கட்டை 65 கிலோ வரும். அது மட்டும் பற்றாது, கட்டைகளை ஒன்றோடொன்று ஆங்கிளால் கட்டணும். மேற்கு ராஜஸ்தானுக்குக் காற்று வேகம் வினாடிக்கு 47 மீட்டர் என்று வைத்துத்தான் ஸ்ட்ரக்சர் கணக்குப் போடணும். ஸ்ட்ரக்சரின் எர்த்தையும் காரின் எர்த் குழியோடு சேர்த்துவிடுங்கள். சைட் பாயிண்ட்டில் செருகும் முன் அங்கேயும் நியூட்ரல்-எர்த் வோல்ட்டை மல்டிமீட்டரில் பாருங்கள், லோடு ஓடும்போது. 5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த நியூட்ரல் ஜாயிண்ட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.