'லீகா' என்னும் லாத்வியப் பெயரும் 'பெயர்நாள்' என்னும் சொல்லும்

அன்புடையீர், வணக்கம்.

'லீகா' என்னும் லாத்வியப் பெண்பெயர் பற்றிய பதிவில், நாட்காட்டியில் ஒரு பெயருக்கென ஒதுக்கி அப்பெயருடையோரை வாழ்த்தும், அந்நாட்டார் 'வார்தா தியெனா' என்று வழங்கும் நாளை 'நாமவிழா' எனக் குறிக்கலாம் என்ற முன்மொழிவை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கரிடையே வழங்கும் நல்ல சொல் அது. ஆயினும் ஒருவர் எந்தப் புனிதரின் பெயரைத் தாங்கியுள்ளாரோ அந்தப் புனிதரின் திருநாளையே அது சுட்டும். லீகா என்ற பெயருக்குப் பின்னால் புனிதர் எவரும் இல்லை. ஜூன் 23 மாலை நடக்கும் கோடைவிழாவில், பெண்கள் பூமுடியும் ஆண்கள் ஓக் இலைமுடியும் சூடி, மூட்டிய நெருப்பை விடியும்வரை அணையவிடாமல் காத்துப் பாடும் பாடல்களில் அடிதோறும் 'லீகோ, லீகோ' என்ற பல்லவி வரும். அசைந்தாடுதலைக் குறிக்கும் வினையோடு தொடர்புடைய அந்தப் பல்லவியிலிருந்தே இப்பெயர் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் லீகோவை ஒரு தெய்வமாகவே பாடிய கவிஞர்களும் உண்டு. அது அக்காலத்துத் தேசிய எழுச்சியின் கற்பனை என்பதால், பெயர்க்காரணத்தில் 'பழந்தெய்வம்' என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டுகிறேன்.

நாட்காட்டியைப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். ஜூன் 23 லீகாவுக்கு உரியது. மறுநாள், திருமுழுக்கு யோவானின் பெயர்வழி வந்த 'யானிஸ்' என்ற ஆண்பெயருக்கு உரியது. யானிஸுக்குப் பொருந்தும் 'நாமவிழா', அதற்கு முந்தைய நாளுக்கே பொருந்தவில்லை. நாட்காட்டியில் இடம்பெறாத பெயர்களுக்கென்றே மே 22ஐ ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் கருதினால், இவ்வழக்கம் இன்று பெயரைச் சார்ந்ததேயன்றிப் புனிதரைச் சார்ந்ததன்று என்பது விளங்கும்.

ஆகவே 'பெயர்நாள்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். 'பெயர்' என்பது வினையடியும் ஆகையால் இதை வினைத்தொகையாகக் கொண்டு 'பெயர்கின்ற நாள்' என்றும் பொருள் கொள்ளலாமே என இலக்கணம் அறிந்தோர் கேட்பது நியாயமே. ஒற்று மிகும் 'பெயர்த்திருநாள்' அந்த ஐயத்தை நீக்கும். ஆனால் பூங்கொத்தும் வாழ்த்துமாக, வீட்டிலும் பணியிடத்திலும் எளிமையாகக் கழியும் ஒரு நாளுக்குத் 'திருநாள்' பெரிய சொல். பிறந்தநாள், மணநாள் என்னும் வரிசையில் 'பெயர்நாள்' இயல்பாக அமர்கிறது. பெயர்சூட்டு விழாவுக்குத் தனிச்சொல் இருப்பதால் அதனோடும் குழப்பம் நேராது.

பதிவின் முதல் வரி இவ்வாறு அமையலாம்: 'லீகா: லாத்வியப் பெண்பெயர்; கோடைவிழாப் பாடல்களின் லீகோ என்னும் பல்லவியிலிருந்து வந்தது; பெயர்நாள் ஜூன் 23.'