சியோல் சாங்டொக்குங் அரண்மனை: ஹுவோன் தோட்டத்துக்கு டிக்கெட் எடுப்பது எப்படி?

மலைக்கோட்டை:
வணக்கம். நவம்பர் தொடக்கத்தில் சியோலில் திங்கள், செவ்வாய் இரண்டு நாள். சாங்டொக்குங் அரண்மனையும் அதன் பின்புறமுள்ள ஹுவோன் தோட்டமும் பார்க்க வேண்டும். ஒரே டிக்கெட் போதுமா? முழங்கால் வலியுள்ள அம்மாவும் உடன் வருகிறார்.

நடைபயணி:
செவ்வாய் போங்க. சாங்டொக்குங்குக்குத் திங்கள் விடுமுறை. கியோங்பொக்குங் அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை, அதனால் அதைத் திங்களன்றே முடித்துவிடலாம்.

டிக்கெட் இரண்டு வேண்டும். அரண்மனைக்கு 3,000 வோன், ஹுவோனுக்குத் தனியாக 5,000 வோன். தோட்டத்துக்கு வழியே அரண்மனைக்குள்தான், ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துப் பயனில்லை. ஹன்போக் என்ற கொரிய மரபுடை உடுத்தி வந்தால் அரண்மனை இலவசம். ஹுவோனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

முன்பதிவு ஆறு நாள் முன்னால், கொரிய நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். நம்மூரில் 6:30. இலை சிவக்கும் பருவம் என்பதால் உடனே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் அன்றைய நேரடி விற்பனை இருக்கிறது. 9 மணிக்குக் கதவு திறக்குமுன் வரிசையில் நில்லுங்கள். தோட்டத்தைக் கைடோடு குழுவாகச் சுற்றிக் காட்டுவார்கள். ஆங்கிலச் சுற்று நிரம்பிவிட்டால் கொரிய மொழிச் சுற்றில் சேர்ந்துகொள்ளலாம்.

பலர் கோட்டைவிடுவது நேரத்தில்தான். டிக்கெட்டில் இருப்பது டொன்ஹ்வாமுன் பெருவாயிலில் நுழையும் நேரமல்ல, உள்ளே ஹம்யாங்முன் என்ற வாயிலின் பக்கத்துத் தோட்ட வாசலிலிருந்து குழு புறப்படும் நேரம். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிட நடை. அம்மாவோடு என்றால் அரை மணி முன்பே பெருவாயிலுக்கு வந்துவிடுங்கள். மெட்ரோ மூன்றாம் தடத்தில் ஆங்குக் நிலையம், 3ஆம் வாசல். கூகுள் மேப்ஸ் அங்கே நடைவழி காட்டுவதில் சொதப்பும். நேவர் மேப் என்ற கொரியச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தென்றல்:
முழங்கால் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹுவோன் சமதளப் பூங்கா இல்லை, மலைச்சரிவு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். கைடிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆறுதல் என்னவென்றால், தோட்டத்தின் உயிரான இடம் முதல் இறக்கத்திலேயே வந்துவிடும். பூயோங்ஜி குளம்: சதுரக் குளத்தின் நடுவே வட்டத் தீவு. பூமி சதுரம், வானம் வட்டம் என்ற பழைய எண்ணம் அது. கரை மண்டபத்தின் இரண்டு கல் கால்கள் நீருக்குள் நிற்கும். எதிர் மேட்டில் 1776இல் ஜியோங்ஜோ மன்னர் கட்டிய ஜுஹம்னு என்ற இரண்டடுக்குக் கட்டடம். அதன் கீழ்த்தளம் அரச நூலகமாக இருந்தது. படமெடுத்துவிட்டு ஓடாமல் இங்கே நிதானமாகப் பாருங்கள்.

தொலைவில் ஓங்ன்யுசொன் ஓடை. 1636இல் பாறையில் வளைவாக வாய்க்கால் வெட்டி, மதுக்கிண்ணத்தை மிதக்கவிட்டுக் கவிதை சொன்ன இடம். பக்கத்திலேயே சின்ன நெல்வயல். அந்த வைக்கோலில்தான் அங்குள்ள மண்டபத்துக்குக் கூரை வேய்கிறார்கள்.

அம்மாவுக்கு முடியாதென்றால் அரண்மனைக்குள்ளேயே உள்ள நக்சொன்ஜேவில் இருக்கட்டும். 1847இல் எழுந்த வீடு, வண்ணப்பூச்சில்லாத மரவேலை, அரண்மனை டிக்கெட்டே போதும்.

நடைபயணி:
ஒன்று விட்டுப்போச்சு. ஹம்யாங்முன் வழியாக அடுத்துள்ள சாங்கியோங்குங் அரண்மனைக்கும் போகலாம், 1,000 வோன். தோட்டத்துக்குள் போகுமுன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். குழு யாருக்காகவும் நிற்காது.