சென்டர்போர்டு பெட்டியைச் சுற்றி விரிசல்: பார்ப்பதும் சரிசெய்வதும்

வாலாஜா உறுப்பினர்:
செகண்ட் ஹேண்டில் வரும் ஃபைபர் பாய்மரப் படகில் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம், சென்டர்போர்டு, அதாவது படகின் அடியில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை, ஏறி இறங்கும் பெட்டி. பாயில் அடிக்கும் காற்றின் பக்கவாட்டுத் தள்ளலைத் தண்ணீரில் தாங்கி நிற்பது பெரும்பாலும் அந்தப் பலகைதான். அதனால் பெட்டியின் அடி இடமும் வலமுமாக மாறி மாறி வளைகிறது. விரிசல் ஓடும் திசையே பாதி காரணத்தைச் சொல்லிவிடும். பெட்டியும் தரையும் சேரும் மூலையில் நீளவாக்கில் ஓடினால் இணைப்பு ஆடுகிறது. ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் சிதறியிருந்தால் அங்கே அடிபட்டிருக்கும், இல்லையென்றால் பலகை சுழலும் அச்சான பிவட் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள். அடியில் பலகை நுழையும் வாயின் பின்முனையில் மட்டும் இருந்தால், பலகையைக் கீழே இழுத்துக் கட்டிய நிலையில் தரை தட்டியிருக்க வாய்ப்பு அதிகம். நம்ம பக்கத்து ஏரிகளில் மழை தவறினால் ஆழம் சட்டென்று குறையும். அதனால் இந்தக் கடைசி வகையை மறக்காமல் தேடுங்கள்.

ராணிப்பேட்டை உறுப்பினர்:
அடுத்தது, விரிசல் ஜெல்கோட் என்ற பளபளப்பான மேல்பூச்சோடு நிற்கிறதா, உள்ளே மேட் என்ற கண்ணாடி இழை அடுக்கு வரை இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழுவிக் காயவைத்து, மார்க்கர் மை தடவி, அசிட்டோன் லேசாகத் தொட்ட துணியால் துடையுங்கள். மை விரிசலுக்குள் மட்டும் தங்கி, கோடு தெளிவாகத் தெரியும். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள்; கணீர் என்ற சத்தம் மங்கும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கும். பிறகு படகைப் பக்கவாட்டில் சாய்த்து, பலகையை முழுக்க வெளியே விட்டு, ஒருவர் அதன் நுனியைக் கையால் மெல்ல அழுத்த, இன்னொருவர் உள்மூலையைப் பார்க்கட்டும். விரிசல் வாய் திறந்து மூடினால் அது மேல்பூச்சு வேலை அல்ல. சந்தேகம் இருந்தால் படகை நிமிர்த்தி, கீழ்வாயை அடைத்து, பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றி வையுங்கள். எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும்.

காட்பாடி உறுப்பினர்:
அண்ணா, திறந்து மூடினாலும் பட்டி வைத்துத் தேய்த்து ஜெல்கோட் அடித்தால் நிற்காதா?

ராணிப்பேட்டை உறுப்பினர்:
நிற்காது தம்பி. ஜெல்கோட்டுக்குத் தாங்கும் பலம் கிடையாது. அடியில் அசைவு இருக்கும்வரை அதே கோட்டில் மறுபடி வெடிக்கும். முதலில் அசைவை நிறுத்த வேண்டும். சிப்காட்டில் ஆசிட் டேங்க் வேலை செய்யும் ஃபைபர்காரர்களுக்குக் கைத்திறன் தாராளமாக உண்டு. ஆனால் டேங்கில் சுமை எப்போதும் உள்ளிருந்து வெளியே, ஒரே பக்கமாகத் தள்ளும்; இங்கே திசை மாறி மாறி வரும். அதனால் கனமாக அடித்துவிட்டால் போதும் என்று விடக்கூடாது. கனம் சட்டென்று முடியும் ஓரத்தில் புது விரிசல் பிறக்கும்.

அசிட்டோனால் மெழுகைத் துடைத்த பிறகுதான் தேய்க்க வேண்டும். முதலிலேயே தேய்த்தால் மெழுகு உள்ளே ஏறி ஒட்டு பிடிக்காது. பிரிந்த அடுக்கை அரைத்து எடுத்து, சுற்றிலும் 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேயுங்கள். மூலையைக் கூர்மையாக விடாமல், கெட்டியான ரெசின் பட்டியால் 15 முதல் 20 மி.மீ. ஆரத்துக்கு வளைத்து விடுங்கள். அதன்மேல் பாலியெஸ்டர் ரெசினில், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் மூன்று அடுக்கு: 100, 150, 200 மி.மீ. அகலப் பட்டைகள், ஓரங்கள் ஒரே கோட்டில் முடியாதபடி. ஒரு மீட்டர் நீளப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து மேட் சுமார் 400 கிராம், ரெசின் ஒரு கிலோ பிடிக்கும். காற்றுக் குமிழ் போக ரோலர் போட வேண்டும்.

பாலியெஸ்டருக்குப் பதில் எபாக்ஸி ரெசின் எடுத்தால் சாதாரண மேட் வேண்டாம். அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸிக்கு நெய்த துணியே சரி. பழைய ஃபைபர் மேல் ஒட்டும் பிடிப்பு எபாக்ஸிக்கு அதிகம் என்பதால், அடுக்கு பிரிந்த வேலைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஆம்பூர் உறுப்பினர்:
வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சித்திரை, வைகாசி மதியத்தில் நம்ம ஊரில் கலந்த ரெசின் டப்பாவிலேயே சூடேறிக் கட்டியாகிவிடும். விடியற்காலையில், நிழலில், 200 கிராம் 200 கிராமாகக் கலக்குங்கள். பாலியெஸ்டர் ரெசினுக்கு, அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் ஒரு சதவீதம், அதாவது 2 மில்லி அளவு. இன்னும் நேரம் வேண்டும் என்று அதற்கும் கீழே குறைத்தால் உள்ளே முழுதாக இறுகாமல் போகும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டுத்தான் கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டிலையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

வாலாஜா உறுப்பினர்:
அசைவே இல்லாத மயிரிழை விரிசலுக்கு மட்டும்: ஸ்கிரேப்பர் மூலையால் வி வடிவில் கீறி, ஜெல்கோட் சற்று மேடாக நிரப்பி, பாலித்தீன் தாள் ஒட்டி மூடுங்கள். காற்று பட்டால் மேல்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். இறுகியதும் 220, 400, 800 நம்பர் தாள்களால் வரிசையாகத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து பாலிஷ் போடலாம். பிவட் துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் அடைத்து, சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். இரு பக்கமும் அகல வாஷர், ரப்பர் வாஷர் போட்டு, கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் முறுக்கினால் போதும்.