போர்வெல் தண்ணீரில் நைட்ரேட்: மீட்டர் 56 என்கிறது, ஆய்வகம் 9 என்கிறது

கடைமடை விவசாயி:
வணக்கம். வேதாரண்யம் பக்கம் நெல் சாகுபடி செய்கிறேன். யூரியா அளவைத் தீர்மானிக்க நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கையடக்க நைட்ரேட் மீட்டர் ஒன்று வாங்கினோம். பெட்டியில் ‘நானோ கார்பன் சென்சார்’ என்று அச்சிட்டிருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு வந்துள்ள என் மகள், இரண்டு மாதக் குழந்தைக்கு எங்கள் போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பால் பவுடர் கரைத்துக் கொடுக்கிறாள். சந்தேகப்பட்டு அந்தத் தண்ணீரை மீட்டரில் விட்டதில், லிட்டருக்கு 56 மில்லிகிராம் என்று வந்தது. ஆய்வகச் சீட்டிலோ நைட்ரேட் 9, குளோரைடு 900 என்று இருக்கிறது. குடிநீருக்கு 45 வரைதான் அனுமதி என்பதால் எதை நம்புவது என்று தெரியவில்லை. நானோ சென்சார் இவ்வளவு தவறுமா?

மின்வேதியியல் ஆசிரியர், தஞ்சாவூர்:
முதலில் குழந்தையைப் பார்ப்போம், ஐயா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். பச்சிளங்குழந்தையின் உடலில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ஹீமோகுளோபினை ஆக்ஸிஜன் சுமக்க முடியாததாக ஆக்கிவிடக்கூடும். உதடோ நகமோ நீலம் பாய்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இன்றிலிருந்தே கொள்ளிடம் கூட்டுக் குடிநீரைப் பிடித்துக் காய்ச்சிப் பாலுக்குப் பயன்படுத்துங்கள்.

இனி மீட்டருக்கு வருகிறேன். அதன் நுனியில் இருக்கும் மெல்லிய பிவிசி சவ்வு நைட்ரேட் அயனியை விரும்பி ஏற்கும். அதனால் எழும் மின்னழுத்தத்தை மீட்டர் செறிவாக மாற்றிக் காட்டும். 25 டிகிரியில் செறிவு பத்து மடங்கு மாறினால் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். ஆகவே ஒரே ஒரு மில்லிவோல்ட் பிசகினாலும் விடை 4 சதவீதம் தவறும். சவ்வுக்குப் பின்னால் இருக்கும் மிக நுண்ணிய கார்பன் பொருளான நானோகுழாயோ கிராஃபீனோ அயனிச் சைகையை மின்சாரமாக மாற்றி, அளவீடு நாளடைவில் நகர்ந்துபோகாமல் பிடித்து வைக்கிறது. அது நல்ல வேலைதான். ஆனால் எந்த அயனியை உள்ளே விடுவது என்பதைத் தீர்மானிப்பது சவ்வு மட்டுமே; நானோ பொருளுக்கு அதில் பங்கில்லை. இதை விளம்பரங்களும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் கடலோரத் தண்ணீரில் குளோரைடு மிகுதி. நூறு குளோரைடு அயனிகளை ஒரு நைட்ரேட் அயனியாகச் சவ்வு எண்ணிக்கொள்வதாக வைத்துக்கொண்டால், 900 மில்லிகிராம் குளோரைடு ஏறத்தாழ 16 மில்லிகிராம் நைட்ரேட்டாகத் தெரியும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1.5 கிராம் கல்லுப்பைக் கரைத்து மீட்டரில் விடுங்கள். அயோடின் போன்ற சேர்மானங்கள் உள்ள பாக்கெட் உப்பைத் தவிர்ப்பது நல்லது.  நைட்ரேட்டே இல்லாத அந்த நீரில் மீட்டர் காட்டும் எண்தான் உப்பின் கணக்கு.

நீர் ஆய்வுக்கூடப் பணியாளர், திருவாரூர்:
ஆசிரியர் சொன்னது மீதி வித்தியாசத்தை விளக்காது. சீட்டில் ‘நைட்ரேட்’ என்று இருக்கிறதா, ‘நைட்ரேட் நைட்ரஜன்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் கணக்கிட்டிருந்தால், முழு நைட்ரேட்டாக மாற்ற 4.43 ஆல் பெருக்க வேண்டும். 45 என்ற வரம்பு முழு நைட்ரேட்டுக்கு உரியது. நைட்ரஜன் கணக்கில் அது ஏறக்குறைய 10. எங்களிடம் வருகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

கடைமடை விவசாயி:
நகைப் பட்டறைத் தராசில் 1.5 கிராம் கல்லுப்பை நிறுத்து, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன். முதலில் 19 காட்டியது. நுனியைக் கழுவி, மெல்லிய தாளால் ஒற்றி எடுத்து மறுபடி விட்டபோது 16இல் நின்றது. சீட்டின் ஓரத்தில், பொடி எழுத்தில் ‘நைட்ரஜனாக’ என்று இருக்கிறது. 9ஐ 4.43 ஆல் பெருக்கினால் 40. 56இல் 16 போனாலும் அதே 40 வருகிறது. மகள் நேற்றிலிருந்து குழாய்த் தண்ணீரில்தான் பால் கரைக்கிறாள்.

நீர் ஆய்வுக்கூடப் பணியாளர், திருவாரூர்:
நல்ல செய்தி, ஐயா. ஆனாலும் 40 என்பது வரம்புக்கு மிக அருகில் இருக்கிறது. மேலுரம் இட்டு மழை பெய்தபின் ஏறக்கூடும். குளோரைடும் விரும்பத்தக்க அளவான 250ஐத் தாண்டியிருப்பதால், இந்தப் போர்வெல் வயலுக்கும் புழக்கத்துக்கும் மட்டும் இருக்கட்டும். மீட்டரை இனி நைட்ரேட் அளவு தெரிந்த, உப்புக் கலந்த தர நீரில் அளவு திருத்திவிட்டுப் பயன்படுத்துங்கள்.