கபடி கேம்ல ரெய்டு பன்னிரண்டரை வினாடியில முடியுது, கரண்டு போனா மட்டும் சரியா ஓடுது. உதவி பண்ணுங்க

தக்கலைக்காரன்:
வணக்கம் மக்கா. ஆஃபர்ல ஒரு கபடி கேம் வாங்கினேன். ரெண்டு மூணு பேரு சேந்து செஞ்ச சின்ன கேமாக்கும், பேரைப் போட்டு அவங்க மானத்தை வாங்க வேண்டாம். ஆளுகளுக்க மூஞ்சி எல்லாம் ஒரே அச்சு, கமென்டரி நாலு வரியைத் திருப்பித் திருப்பிப் படிக்கும். ஆனா நாலு பேரு மேல விழுந்த பிறகும் நடுக்கோட்டுக்குக் கையை எட்டி நீட்டுற அந்தக் கட்டம் இருக்குல்லா, அது கொள்ளாம். அதுக்காகவே விட மனசு வரல.

ரெய்டுக்கு 30 வினாடின்னு திரையில காட்டுது. போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாத்தா பன்னிரண்டரைதான். 20 நிமிசப் பாதி எட்டு நிமிசம் சொச்சத்துல தீந்துருது. டைம் மட்டுமில்ல, எல்லாமே வேகம். ஒரு தட்டு தட்டினா எனக்க ஆளு எண்ட் லைனைத் தாண்டிப் போயி அவுட்டு.

இதுல கூத்து என்னன்னா, மெயின்டனன்ஸுக்கு கரண்டு கட் பண்ணின அன்னைக்கு பேட்டரியில ஆடினேன். ரெய்டு முழுசா 30 வினாடி, அருமையா ஓடிச்சு. கரண்டு வந்து சார்ஜரைக் குத்தினேன், மறுபடி அதே ஓட்டம். விண்டோஸ் 11, என்விடியா கார்டு, 144 ஹெர்ட்ஸ் திரை.

சானல்கரை:
ஸ்டீம் ஆன்லைன் கேம் கடையில வாங்கினதுன்னா ரீஃபண்ட் போடு. வாங்கி 14 நாளுக்குள்ள, ஆடினது ரெண்டு மணி நேரத்துக்குக் கீழன்னா பைசா திரும்பக் கிட்டும்.

தக்கலைக்காரன்:
ரெண்டு மணி நேரம் எல்லாம் எப்பமோ தாண்டியாச்சு அண்ணே.

ரப்பர்ப்பால்:
சார்ஜர் ஒரிஜினலா மக்கா? வோல்டேஜ் கூடுனா ஃபேன் ஸ்பீடா சுத்தும்லா, அதுமாதிரி ஏதாவது இருக்கும்.

சானல்கரை:
லேய், சவத்த... வோல்டேஜ் கூடினா கேம் ஓடாது, போர்டு புகையும்.

மார்த்தாண்டம் மச்சான்:
எனக்கிட்டயும் இதே கேம் கெடக்கு. ஆனா கதை நேரெதிர். பழைய லேப்டாப், தனி கார்டு கிடையாது. எனக்கு ஒரு ரெய்டு 45 வினாடி ஓடும், ஆளுக தண்ணிக்குள்ள நடக்கியது போல நடக்கான். கேம் அப்படித்தான்னு நெனச்சு ஆடிட்டிருக்கேன்.

கோட்டாறு சர்வீஸ்:
ரெண்டு பேரும் இதைச் சொல்லுங்க. ஸ்டீம் செட்டிங்ஸ்ல எஃப்பிஎஸ், அதாவது வினாடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) ஓடுதுன்னு காட்டுற ஆப்ஷன் இருக்கு, அதைப் போட்டா எவ்வளவு வருது? அடுத்தது, கேம் சத்தமும் வேகமா கேக்குதா?

தக்கலைக்காரன்:
சார்ஜர்ல 144, பேட்டரியில 60. சத்தம் ரெண்டுலயும் சாதாரணமாத்தான் இருக்கு. ஆளு அவுட் ஆகி வெளிய போயி உக்காந்த பிறகுதான் "ரெய்டுக்குப் போகிறார்"னு கமென்டரி வருது.

மார்த்தாண்டம் மச்சான்:
எனக்கு 40. சில நேரம் 38.

கோட்டாறு சர்வீஸ்:
அப்ப காரியம் பிடிபட்டுட்டு. லேப்டாப்புல ஒரு குறையும் இல்ல தம்பி, கேமுக்க கடிகாரத்துலதான் கோளாறு.

ஒழுங்கா எழுதின கேம், போன ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் நடுவுல நெஜமா எவ்வளவு நேரம் போச்சுன்னு கேட்டுட்டு அந்த அளவுக்குத்தான் ஆளை நகர்த்தும். இவங்க அதைக் கேக்காம, ஒரு ஃபிரேம்னா வினாடியில 60-ல ஒரு பங்குன்னு முடிவு பண்ணி எழுதிட்டாங்க. 60 ஹெர்ட்ஸ் திரையில வச்சே எழுதி அதுலயே டெஸ்ட் பண்ணியிருந்தா இந்தத் தப்பு கண்ணுல படாது. கணக்கைப் பாருங்க: உங்க திரையில வினாடிக்கு 144 ஃபிரேம். 144-ஐ 60-ஆல வகுத்தா 2.4. ஒரு நெஜ வினாடிக்கு கேம்ல 2.4 வினாடி போகுது. 30-ஐ 2.4-ஆல வகுத்தா சரியா பன்னிரண்டரை. மார்த்தாண்டம் தம்பிக்கு 40 ஃபிரேம்தான் வருது, அதனால அதே 30 வினாடி 45-ஆ இழுக்குது. சத்தம் தனி கடிகாரத்துல ஓடும், அதான் அது மட்டும் மாறல.

பேட்டரியில சரியானதுக்கும் இதுதான் காரணம். சில லேப்டாப் சார்ஜரை எடுத்ததும் சார்ஜ் மிச்சம் பிடிக்கத் திரையை 144-லருந்து 60-க்குத் தானா இறக்கும். வி-சிங்க், அதாவது கேமுக்க ஃபிரேமைத் திரை வேகத்தோட கட்டி வைக்கிற ஆப்ஷன், போட்டிருக்கிறதால கேமும் கூடவே இறங்கும்.

இப்ப என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து மேனேஜ் 3டி செட்டிங்ஸ், அதுல புரோகிராம் செட்டிங்ஸ் போங்க. இந்த கேமை மட்டும் தேர்ந்தெடுத்து மேக்ஸ் ஃபிரேம் ரேட்டை 60 ஆக்குங்க. மத்த கேமெல்லாம் 144-லயே ஓடட்டும். வேகமா இருக்குன்னு வி-சிங்கை மட்டும் எடுத்துராதீங்க. கட்டுப்பாடு இல்லாம 300 ஃபிரேம் ஓடினா ரெய்டு 6 வினாடியில முடிஞ்சிரும்.

தக்கலைக்காரன்:
அண்ணே, அந்த வி-சிங்க்லயே "பாதி"ன்னு ஒண்ணு கெடந்துது, முதல்ல அதைப் போட்டுப் பாத்தேன். ரெய்டு 25 வினாடி வந்துச்சு.

கோட்டாறு சர்வீஸ்:
144-ல பாதி 72, அதுக்கு 25-தான் வரும். 60 போடுங்க.

தக்கலைக்காரன்:
போட்டாச்சு. சார்ஜர்லயும் 30 வினாடி! இப்பதான் ஆடுறதுக்கே அவகாசம் கிடைக்குது. ஆனா இன்னொரு சந்தேகம். போனஸ் கோட்டைத் தெளிவா தாண்டி மிதிக்கிறேன், பாயின்ட் ஏற மாட்டேங்குது. அதுவும் இந்தக் கடிகாரக் கோளாறுதானா?

பழைய ரைட் கார்னர்:
மக்ளே, இதுக்கு நான் வாறேன். எதிர்ல எத்தனை பேரு நிக்கும்போ போற?

தக்கலைக்காரன்:
அஞ்சு பேரு. சில நேரம் நாலு.

பழைய ரைட் கார்னர்:
அப்ப எங்கேருந்து தருவான்? எதிர்ல ஆறு பேராவது நிக்கணும், அப்பதான் போனஸ் உண்டு. ஒரு கால் கோட்டுக்கு அங்க ஊனும்போ மத்தக் கால் அந்தரத்துல நிக்கணும். ரெண்டையும் தரையில வச்சுட்டு எட்டினா ரெஃபரி கையே தூக்க மாட்டாரு. ஆண்கள் களத்துல நடுக்கோட்டுலருந்து பால்க் கோடு (ரெய்டர் தாண்ட வேண்டிய கோடு) 3.75 மீட்டர், அதுக்கு ஒரு மீட்டர் அங்கதான் போனஸ் கோடு. கேம்லயும் அந்த அளவு ஏறக்குறைய சரியாத்தான் இருக்கு, நானும் பையன் கம்ப்யூட்டர்ல பாத்தேன்.

இன்னும் ஒண்ணு. யாரையும் தொடாம லாபியில, அதாவது களத்துக்கு ரெண்டு பக்கமும் உள்ள பட்டையில, காலை வச்சா நீ அவுட்டு. தொட்ட பிறகோ பிடி விழுந்த பிறகோதான் லாபி உனக்குத் திறக்கும். மூணு பேரோ அதுக்குக் குறைவாவோ நிக்கும்போ உன்னைப் பிடிச்சா அவங்களுக்கு ரெண்டு பாயின்ட், அது சூப்பர் டேக்கிள், அதையும் பக்-னு எழுதிராத.

எனக்க வருத்தம் வேற. அந்த கேம்ல ரைட் கார்னர், அதான் வலது ஓரத்துல நின்னு பிடிக்கிறவன், ரெய்டர் நேரா தன்னைப் பாத்துட்டு நிக்கும்போதே கால்ல போயி விழுறான். எங்க கிரவுண்டுல அப்படி விழுந்தா கோச் அன்னைக்கே உக்கார வச்சிருவாரு. அவன் திரும்புற வரை பொறுத்து, பின்னங்கால் வரும்போதுலா கணுக்காலைப் பிடிக்கணும். இதை யாரு அவங்களுக்குச் சொல்லுவா?

சானல்கரை:
அண்ணாச்சி, அதுக்கு ஒரு மெயில் போடுங்க. சின்ன டீம்னா படிப்பாங்க.

மார்த்தாண்டம் மச்சான்:
எனக்க 40-ஐ 60 ஆக்க வழி உண்டா?

கோட்டாறு சர்வீஸ்:
ரெசல்யூஷனை 1280 பெருக்கல் 720-க்கு இறக்குங்க, நிழலை ஆஃப் பண்ணுங்க, பார்வையாளர் கூட்டத்தைக் குறைக்க வழியிருந்தா அதையும். சார்ஜரைப் போட்டுட்டே ஆடுங்க, உங்களுக்கு அதுதான் நல்லது.

மார்த்தாண்டம் மச்சான்:
58 வருது! ரெய்டு 31 வினாடி. கேலரியில ஒரு ஆளு இல்ல, காலியா கெடக்கு. போதும்.

தக்கலைக்காரன்:
டெவலப்பருக்கு மெயில் எழுதிட்டிருக்கேன். 144, 72, 60, 40 நாலுக்கும் எத்தனை வினாடின்னு போட்டுட்டேன். ரைட் கார்னர் அண்ணாச்சி சொன்ன கணுக்கால் காரியத்தையும் கடைசியில சேத்தாச்சு. பதில் வந்தா இங்கயே போடுறேன்.