அப்பாவுக்கு டிப்ரஷன்னு சொல்றாங்க, ஆனா அவர் அழுறதே இல்லையே?

கும்பகோணத்தான்:
எங்கப்பா டவுன் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, வயசு 66. வாய் ஓயாம பேசுற ஆளு, டீக்கடைல உக்காந்தா நாலு பேரை சிரிக்க வெச்சுட்டுத்தான் எந்திரிப்பாரு. தீபாவளிக்கு அப்புறம் ஆளே மாறிட்டாரு. வயிறு எரியுது, முதுகு இழுக்குது, வாய்ல ருசியே இல்லைன்னு ஒரே புலம்பல், விடிகாலை மூணு மணிக்கே முழிச்சு திண்ணைல உக்காந்துக்குறாரு, வேட்டி இடுப்புல நிக்காத அளவுக்கு இளைச்சுட்டாரு. எண்டோஸ்கோப்பி, ஈசிஜி, வயித்து ஸ்கேன் எல்லாம் நார்மல். இப்ப ஞாபகமும் போயிடுச்சுன்னு அவரே சொல்றாரு. கடைசியா பாத்த டாக்டர் இது டிப்ரஷன் மாதிரி இருக்கு, சைக்கியாட்ரிஸ்ட்ட காட்டுங்கன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அம்மா "அவரு என்ன பைத்தியமா"ன்னு சண்டைக்கு வர்றாங்க. கடன் கிடன் இல்ல, பென்ஷன் வருது, ஒரு சொட்டு கண்ணீர் விடல. இது எப்டி டிப்ரஷன் ஆகும்?

ஊர்சுத்தி:
ரிட்டயர்டு ஆனா எல்லாருக்கும் இப்டித்தான் ப்ரோ. ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க, சரியாயிடும். மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது.

ரெண்டு பிள்ளை அம்மா:
ஊர்சுத்தி அண்ணா, எனக்கு ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் வந்துச்சு, அதனால சொல்றேன். பிரசவம் ஆன மொத ரெண்டு வாரம் அழுகை வர்றது சகஜம், எனக்கு அது மாசக்கணக்குல போச்சு, அதுவும் அழுகையா இல்ல, பயமா. பிள்ளைக்கு மூச்சு இருக்கான்னு ராத்திரி பூரா பாத்துக்கிட்டே இருப்பேன், அது தூங்குனாலும் எனக்குத் தூக்கம் வராது. மாமியார் பேறுகால அசதின்னாங்க, மந்திரிச்சாங்க, குலதெய்வக் கோயிலுக்கும் போனோம். கடைசில டாக்டர்ட்ட செர்ட்ராலின்னு ஒரு டிப்ரஷன் மாத்திரை குடுத்தாங்க, தாய்ப்பால்ல ரொம்பக் கொஞ்சம்தான் போகும்னு டாக்டர் சொன்னதால பால் குடுத்துக்கிட்டே சாப்ட்டேன், அப்புறம் டாக்டரே கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிப்பாட்டிட்டாங்க. எங்க அக்கா பையனுக்கு ப்ளஸ் டூ படிக்கும்போது வந்தப்ப எடுத்ததுக்கெல்லாம் எரிஞ்சு விழுவான், கிரிக்கெட் பேட்டைத் தொடவே இல்ல, எல்லாரும் திமிருன்னுதான் நெனச்சோம். அழுதாத்தான் டிப்ரஷன்னு பாத்தா எங்க வீட்ல ஒருத்தருக்கும் அது இல்ல.

வார்டு சிஸ்டர்:
நான் மனநல ஓபில ஸ்டாஃப் நர்ஸ். தம்பி, வயசானவங்க மனசு சரியில்லன்னு வந்து நான் பாத்தது கம்மி, வயித்தெரிச்சல், மலச்சிக்கல், உடம்பு வலின்னுதான் வருவாங்க. விடிகாலை முழிப்பு, எடை குறையுறது, பிடிச்சதுல நாட்டம் போறது, இது ரெண்டு வாரத்துக்கு மேல நாள் முழுக்க இருந்தா நாங்க டிப்ரஷனை யோசிப்போம், கண்ணீர் கட்டாயம் இல்ல. ஞாபக மறதியும் இதுல வரும். டிமென்ஷியா, அதான் மறதி நோய், அது இருக்கவங்க பெரும்பாலும் எனக்கு ஒண்ணுமில்லன்னு மழுப்புவாங்க, டிப்ரஷன்ல இருக்கவங்க எனக்கு எல்லாம் மறந்து போச்சுன்னு அவங்களே சொல்லுவாங்க. இத வெச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது, தைராய்டு, பி12 வைட்டமின் ரெண்டையும் பாத்துடுங்க, அதுல கோளாறு இருந்தாலும் இதே மாதிரி இருக்கும்.

அப்புறம் டிப்ரஷன் மாத்திரை ரெண்டுலேருந்து ஆறு வாரம் கழிச்சுத்தான் வேலை காட்டும், மொத வாரத்துலயே ஒண்ணும் கேக்கலன்னு நிறுத்திட்டு வர்றவங்கதான் எங்களுக்கு ஜாஸ்தி. அப்பா பிபிக்கு நீர் பிரியுற மாத்திரை சாப்டுறாரான்னு டாக்டர்ட்ட கண்டிப்பா சொல்லுங்க, ரெண்டும் சேந்தா பெரியவங்களுக்கு ரத்தத்துல சோடியம் உப்பு இறங்கிடலாம், தள்ளாட்டம், கொழப்பமான பேச்சு வந்தா உடனே ரத்தம் டெஸ்ட் பண்ணணும். மெடிக்கல்ல கேட்டு தூக்க மாத்திரை மட்டும் வாங்கிக் குடுக்காதீங்க, ராத்திரி பாத்ரூம் போறப்ப விழுந்து இடுப்பை ஒடிச்சுக்குவாங்க. டிப்ரஷன் மாத்திரையை குணமான பிறகும் ஆறு மாசமாவது தொடரணும், ஆயுசுக்கும்னு எல்லாருக்கும் சொல்ல முடியாது.

கும்பகோணத்தான்:
ரொம்ப நன்றிக்கா. பிபிக்கு அந்த மாத்திரைதான் சாப்டுறாரு. இன்னொண்ணு, நேத்து "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்"னாரு. பேச்சை மாத்திட்டேன். கேட்டா இல்லாத நெனப்பைக் கெளப்பி விட்ட மாதிரி ஆயிடுமோ?

வார்டு சிஸ்டர்:
ஆகாது தம்பி. சாகணும்னு தோணுதாப்பான்னு நேராவே கேளுங்க, கேட்டா அவங்களுக்கு பாரம்தான் கொறையும். ஆமான்னு சொன்னா தனியா விடாம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க. வயலுக்கு வாங்குன பூச்சிமருந்து வீட்ல இருந்தா இன்னைக்கே அப்புறப்படுத்துங்க, மாத்திரை டப்பா அம்மா கைல இருக்கட்டும். ராத்திரி யார்ட்டயாவது பேசணும்னா 14416, டெலி மானஸ்னு கவர்மெண்ட் மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

ஊர்சுத்தி:
சரிங்க சிஸ்டர், எனக்கு இவ்ளோ தெரியாது. ஆனா அவரு வரணுமே, மனநல டாக்டர்னா எங்க பெரியப்பால்லாம் செருப்பைத் தூக்குவாரு.

ரெண்டு பிள்ளை அம்மா:
தூக்கத்துக்கும் பசிக்கும் ஒரு டாக்டரைப் பாக்கலாம்பான்னு கூப்டுங்க, அது பொய்யும் இல்லையே. அம்மாவையும் கூட கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயால கேட்டாத்தான் அவங்க சண்டை நிக்கும்.

கும்பகோணத்தான்:
வயித்துக்குன்னா எந்த டாக்டர்ட்டயும் வருவாரு. திங்கக்கிழமை ஜிஎச்சுக்கு போறோம், பழைய ரிப்போர்ட், மாத்திரை அட்டை எல்லாம் பைல எடுத்து வெச்சாச்சு. பூச்சிமருந்து டின்னை சித்தப்பா வீட்டுக்கு கொண்டு போய்ட்டேன்.