புதுப்பிப்பு: தமிழையாவைப் பார்த்துவிட்டு வந்தேன்

பள்ளியில் தமிழ் கற்பித்த ஐயாவுக்கு நன்றி சொல்ல என்ன எடுத்துப் போகலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். சால்வை வேண்டாம் என்றீர்கள். நல்ல வேளை, அவர் அலமாரியில் பதினொரு சால்வைகள் மடிப்புக் கலையாமல் கிடந்தன! என் பழைய கட்டுரை நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தவர், அன்று கண்ணில் படாமல் போன ஒற்றுப்பிழை ஒன்றை இப்போது சிவப்பு மையால் சுழித்தார்.

பேச்சு பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் (உ.வே.சா.) பக்கம் போயிற்று. அவரது இயற்பெயர் வேங்கடராமன்; ‘சாமிநாதன்’ என்ற பெயர் நிலைக்கக் காரணமே 1871-இல் அவர் மாணவராகச் சேர்ந்த ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைதான். பிள்ளை மறைந்தது 1876-இல். மாணவர் தன் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டு முடித்தபோது 1934 ஆகியிருந்தது.

“நன்றி சொல்ல உனக்கு இருபது வருஷம்தானே ஆயிற்று, பரவாயில்லை” என்றார் ஐயா. நோட்டை மட்டும் திருப்பித் தரவில்லை.